மாஸ்டரின் வலது கால்

ஸ்கேன் மிஷினின் படுக்கை ஒரு சாண் நகர்ந்ததுமே மாஸ்டரின் வலது கால் பிரேக்கை மிதித்துவிட்டது.

அங்கே பிரேக் எதுவும் இல்லை. ஒரு மெத்தை, அதன்மேல் காகித விரிப்பு, அவ்வளவுதான். இருந்தாலும் கால் மிதித்தது. மிதித்த வேகத்தில் இடுப்பு ஒரு குலுக்கு குலுங்கி, காகிதம் நடுவாகக் கிழிந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த டெக்னீஷியன் பெண் மைக்கில் பொறுமையாகச் சொன்னாள்.

"சார், காலை ஆட்டக்கூடாது. இப்ப மருந்து எதுவும் ஏத்தலை, சும்மா ஒத்திகைதான். மறுபடி பார்ப்போம்."

மறுபடி பார்த்தார்கள். மறுபடி மிதித்தார். மூன்றாவது தடவை அவள் உள்ளே வந்து முழங்காலுக்கு மேல் ஒட்டுப் பட்டை போட்டு இறுக்கிவிட்டுப் போனாள். படுக்கை நகர்ந்தது. பட்டை டர்ரென்று பிரிந்து பறந்துபோய் மிஷினின் வளையத்தில் தொங்கியது.

அவள் மறுபடி உள்ளே வந்து, பட்டையை எடுத்து மடித்துக்கொண்டே கேட்டாள்.

"சார் என்ன வேலை பார்க்கறீங்க?"

"டிரைவிங் ஸ்கூல் வச்சிருக்கேன். இருபத்தாறு வருஷமா சொல்லிக்கொடுக்கறேன்."

"அப்படிச் சொல்லுங்க," என்றாள் அவள். அவளும் எப்போதோ எங்கேயோ வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டவள்தானே.

இருபத்தாறு வருஷமாக மாஸ்டர் உட்கார்ந்திருப்பது ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கையில். அந்தப் பக்கமும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் வைத்த வண்டி. எதிரே ஒரு பூனை குறுக்கே வந்தாலும், பழகுகிற பெண் பயந்துபோய் இரண்டு கையையும் விட்டுவிட்டாலும், ஊர் உலகத்தைக் காப்பாற்றுவது மாஸ்டரின் வலது கால்தான். அது ரொம்ப நல்ல கால். ஆனால் அதற்கு வேலை நேரம் எது, ஓய்வு நேரம் எது என்று தெரியாது. தான் ஓட்டாத எது நகர்ந்தாலும் அது மிதித்துவிடும். லிஃப்டில் மிதிக்கும். பல் டாக்டர் நாற்காலியைச் சாய்த்தால் மிதிக்கும். சலூன்காரர் இவர் வந்தாலே நாற்காலியைச் சாய்ப்பதில்லை, தான் குனிந்துகொள்வார்.

இத்தனை நாள் அது ஒரு வேடிக்கையாக இருந்தது. இப்போது இல்லை. மாஸ்டருக்கு ரத்த அழுத்தம் மூன்று மாத்திரைக்கும் அடங்காமல் ஏறிக்கொண்டிருந்தது. கிட்னிக்குப் போகிற ரத்தக்குழாய் எங்கோ சுருங்கியிருக்கலாம் என்று டாக்டர் சந்தேகப்பட்டார். கையில் ஊசி வழியாக மருந்து ஏற்றி, வயிற்றுக்குள் இருக்கும் ரத்தக்குழாய்களை எல்லாம் படம் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். தெரிகிறவரை மாஸ்டர் ஸ்டியரிங்கையும் தொடக்கூடாது, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கவும் கூடாது என்று உத்தரவு.

டெக்னீஷியன் பெண் விஷயத்தை உடைத்துச் சொன்னாள். "சார், உங்க கிட்னி டெஸ்ட் நம்பர் எல்லையில நிக்குது. அதனால மருந்து ஒரே ஒரு தடவைதான் ஏத்த முடியும். ஏத்தின கொஞ்ச நேரத்துல ரத்தக்குழாய் பளிச்சுனு தெரியும், அந்தப் பத்துப் பதினஞ்சு செகண்ட் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு ஆடாம இருக்கணும். அப்ப நீங்க மிதிச்சீங்கன்னா படம் கலங்கிடும். உடனே இன்னொரு தடவை ஏத்தறது நடக்காது."

"தூங்க மருந்து கொடுத்துட்டா?"

"தூங்கிட்டா மூச்சை யாரு சார் பிடிக்கறது? ரெண்டு வாரம் கழிச்சு வாங்க. வீட்ல நல்லாப் பழகிட்டு வாங்க."

இருபத்தாறு வருஷமாகப் பிறத்தியாருக்கு அவர் சொல்லிக்கொண்டிருந்த வாக்கியம் அது. நல்லாப் பழகிட்டு வாங்க. முதல் தடவையாக யாரோ அவருக்குச் சொன்னார்கள்.

* * *

மாஸ்டரின் மனைவி ஒரு பெரிய ஹோட்டலின் சலவைப் பிரிவில் சூப்பர்வைசர். தினம் நானூறு படுக்கை விரிப்புகளைச் சுருக்கம் இல்லாமல் மேலே அனுப்புகிறவள். அவளுக்கு எந்தப் பிரச்சினையும் ஒரு சுருக்கம்தான். நீவினால் போய்விடும்.

ஸ்கேன் சென்டர் கொடுத்த தாளை ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினாள். நாலு மணி நேரம் முன்னாலிருந்து சாப்பிடக்கூடாது. தண்ணீர் நிறையக் குடிக்கலாம், குடிக்கவும் வேண்டும். ரத்த அழுத்த மாத்திரையை வழக்கம்போலப் போட்டுக்கொள்ளலாம். பெல்ட், சாவி, ஜிப் எதுவும் வேண்டாம். அதற்குக் கீழே ஒரு வரியை அவளே பேனாவால் சேர்த்தாள்: கால்.

மாலையில் கீழ் வீட்டிலிருந்து மாஸ்டரின் அக்கா ஏறி வந்தாள். டெலிஃபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தொரு வருஷம் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். தாளைக் கண்ணாடி போட்டுப் படித்தாள்.

"தண்ணி குடிக்கச் சொல்றான். இது தப்பு. பட்டினின்னா பட்டினிதான்."

"அண்ணி, அது கிட்னிக்கு நல்லதாம். மருந்து சீக்கிரம் வெளிய போயிடுமாம். அச்சுல போட்டிருக்காங்க பாருங்க."

"அச்சுல போட்டா? டெலிஃபோன் டைரக்டரியும் அச்சுலதான் போட்டோம். பாதி நம்பர் தப்பு."

"அக்கா, எனக்கு இப்ப தண்ணி பிரச்சினை இல்லை. கால்தான் பிரச்சினை," என்றார் மாஸ்டர்.

அக்கா அவர் காலைப் பார்த்தாள். அது பாட்டுக்குச் செருப்பில் சாதுவாக இருந்தது.

அன்றைக்கே ஒத்திகை தொடங்கியது. ஹாலில் ஒரு பழைய போர்வையை விரித்து மாஸ்டரை மல்லாந்து படுக்க வைத்து, கையைத் தலைக்கு மேலே நீட்டச் சொன்னார்கள். சாப்பாட்டு மேஜைதான் மிஷின். மனைவி போர்வையின் தலைமாட்டைப் பிடித்து மேஜைக்கு அடியில் இழுக்க வேண்டும். குரல் கொடுக்கிற பொறுப்பை அக்கா தானாகவே எடுத்துக்கொண்டாள். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, முப்பத்தொரு வருஷக் குரலை வெளியே எடுத்தாள்.

"தயவுசெய்து மூச்சை உள்ளே இழுக்கவும். இழுத்த மூச்சைப் பிடித்துக்கொள்ளவும். தொடர்ந்து இணைப்பில் இருக்கவும்."

மனைவி இழுத்தாள். போர்வை நகர்ந்தது. கால் மிதித்தது. மேஜைக் கால் ஒன்று நகர்ந்து, மேலே இருந்த தண்ணீர் ஜக் உருண்டு, மிஷின் வழியாக மாஸ்டரின் வயிற்றில் கொட்டியது.

"பாரு, தண்ணியே வேண்டாம்னு அப்பவே சொன்னேன்," என்றாள் அக்கா.

ஞாயிற்றுக்கிழமை சலவைப் பிரிவில் ஆள் நடமாட்டம் குறைவு. மனைவி அவரை அங்கே கூட்டிக்கொண்டு போனாள். துணி மூட்டை தள்ளுகிற தட்டை டிராலியில் நாலு பஞ்சுப் போர்வை போட்டு அவரைக் கிடத்தினாள். நல்ல சக்கரம், சத்தமே இல்லை, மிஷின் மாதிரியே நகரும். மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். கண் மூடியதும் கால் இன்னும் பயந்துபோனது. மடித்து அடுக்கியிருந்த எழுபது துவாலைகள் தரைக்கு வந்தன. மனைவி ஒரு வார்த்தை பேசாமல் எழுபதையும் மறுபடி மடித்தாள். அவள் பேசாமல் மடிப்பதைப் பார்ப்பது, திட்டு வாங்குவதைவிடக் கஷ்டமாக இருந்தது அவருக்கு.

இரண்டாவது ஓட்டத்தில் ஒன்று கவனித்தாள். டிராலி போகும்போது அவர், "மெதுவா, மெதுவா, வளைவுல வேகத்தைக் குறை, கண்ணாடியைப் பாரு," என்று சொல்லிக்கொண்டே வந்தார். கால் அசையவே இல்லை.

"பேசினா கால் சும்மா இருக்குங்க," என்றாள்.

"ஆமாம்ல."

"வாயை மூடினா கால் பேசுது."

கண்டுபிடிப்பு அருமையானதுதான். ஆனால் மூச்சைப் பிடித்துக்கொண்டு யாரால் பேச முடியும்? இரண்டு பேரும் துவாலை அடுக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் யோசித்தார்கள்.

"உங்களுக்கு அடுத்தவங்க ஓட்டினா ஆகாது. அதுதான் வியாதி," என்றாள் மனைவி கடைசியில். "டிராலி எல்லாம் சரிப்படாது. நான் ஓட்டறேன். நீங்க பக்கத்துல வாயைத் திறக்காம உட்காருங்க. பத்து நாள்ல பழகிடும்."

"என்னது, வண்டியையா?"

"பின்ன, விமானத்தையா?"

மாஸ்டருக்கு நிஜமாகவே வியர்த்தது. கல்யாணமான புதிதில் அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். லைசென்ஸும் வாங்கினாள். அதற்கப்புறம் ஒரு நாள், நேர் ரோட்டில், எதிரே ஒரு ஈ காக்கை இல்லாத இடத்தில், அவர் பிரேக்கை மிதித்தார். அவள் வண்டியை ஓரம் கட்டி, சாவியை அவர் மடியில் வைத்துவிட்டு, இறங்கி வீட்டுக்கு நடந்தே போய்விட்டாள். இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு அவள் ஸ்டியரிங் பக்கமே போகவில்லை. இவரும் கேட்கவில்லை. கேட்டால் ஏன் மிதித்தோம் என்று சொல்ல வேண்டிவரும். அது அவருக்கே தெரியாது.

"உனக்கு லைசென்ஸ் எல்லாம் எப்பவோ காலாவதி ஆகியிருக்கும்," என்றார்.

அவள் கைப்பையைத் திறந்து எடுத்துக் காட்டினாள். போன வருஷம் புதுப்பித்தது. படத்தில் புதுக் கண்ணாடி போட்டிருந்தாள்.

"ஓட்டறதே இல்லை, எதுக்கு இதைப் புதுப்பிச்சுக்கிட்டே இருக்கே?"

"என்னைக்காவது ஒரு நாள் நீங்க பேசாம உட்காருவீங்கன்னுதான்."

* * *

முதல் நாள் காலை வீட்டு வாசலிலிருந்து கிளம்பி, தெருமுனை தாண்டி, தபால் பெட்டிக்கு முன்னால் வண்டி நடுரோட்டில் நின்றது. பின்னால் வந்த பால் வண்டிக்காரர் ஹார்னில் கையை வைத்தபடியே எட்டிப் பார்த்தார். மேலே 'பழகுநர்' என்று போர்டு வைத்த வண்டி, உள்ளே மாஸ்டர். பாவம், புது ஸ்டூடன்ட் போல என்று நினைத்து மனைவியை இரக்கமாகப் பார்த்துவிட்டுத் தாண்டிப் போனார்.

"நான் மிதிக்கலை," என்றாள் மனைவி.

"நானும் மிதிக்கலை," என்றார் மாஸ்டர்.

"ரெண்டு பேரும் மிதிக்கலைன்னா ஆண்டவன்தான் மிதிச்சிருக்கான்," என்றாள் பின் இருக்கையிலிருந்து அக்கா. அவள் மடியில் சுவர்க்கடிகாரம். செகண்ட் முள் உள்ளது அந்த ஒரு கடிகாரம்தான்.

மனைவி வண்டியை வீட்டுக்குத் திருப்பவில்லை. நேராக மெக்கானிக் ஷெட்டுக்கு விட்டாள். மாஸ்டர் பக்கத்து பிரேக்கையும் கிளட்சையும் கழற்றச் சொன்னாள். மெக்கானிக்கும் மாஸ்டரிடம் கற்றவர்தான். ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார்.

"மாஸ்டர், நிஜமாவா? உங்க உறுப்பைக் கழட்டற மாதிரி இருக்கு எனக்கு."

"கழட்டுப்பா," என்றார் மாஸ்டர், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு. மெக்கானிக் இரண்டு பெடலையும் பழைய செய்தித்தாளில் சுற்றி, ஆஸ்பத்திரியில் பிள்ளையைக் கொடுப்பதுபோல இரண்டு கையாலும் கொடுத்தார்.

அடுத்த நாளிலிருந்து பயிற்சி ஒழுங்காக நடந்தது. காலை ஆறரைக்குக் கிளம்புவார்கள். ஆள் குறைவான தெருவாகப் பார்த்து மனைவி ஓட்டுவாள். வளைவு வருவதற்கு முன்னால் அக்கா அறிவிப்பாள்: "தயவுசெய்து மூச்சை உள்ளே இழுக்கவும்." மாஸ்டர் இழுத்துப் பிடிப்பார். வெறும் தரைவிரிப்பின்மேல் இருக்கும் அவர் கால் என்ன செய்கிறது என்று மனைவி ஓரக்கண்ணால் பார்ப்பாள். "விடலாம்" என்று அக்கா சொன்னதும் விடுவார். விட்ட மூச்சோடு, "நீ இண்டிகேட்டர் போடலை," என்பார்.

இரண்டாம் நாள் மூன்று செகண்ட். மூன்றாம் நாள் ஆறு. ஐந்தாம் நாள் அக்கா மூச்சைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, ஜன்னல் வழியாகப் பழைய எக்ஸ்சேஞ்ச் கட்டடத்துக்குப் புதுப் பெயின்ட் அடித்திருப்பதைப் பார்த்துவிட்டாள்.

"அடப்பாவிகளா, மஞ்சளா? நான் இருந்த சீட்டுக்கு நேர் ஜன்னல் அது. யாரைக் கேட்டு மஞ்சள் அடிச்சான்?"

இரண்டு தெரு தாண்டி மனைவி திரும்பிப் பார்த்தபோது மாஸ்டரின் முகம் கத்திரிக்காய் நிறத்துக்கு வந்திருந்தது. அப்போதும் அவர் விடவில்லை. அறிவிப்பு வராமல் எப்படி விடுவது?

"அண்ணி, விடச் சொல்லுங்க."

"ஓ. விடலாம், விடலாம். தாமதத்துக்கு வருந்துகிறோம்."

அன்று கால் மிதிக்கவே இல்லை என்பதை அவர்கள் அப்புறம்தான் உணர்ந்தார்கள். ஆனால் அதைக் கணக்கில் சேர்க்கலாமா என்று விவாதம் நடந்தது. மயக்கம் வருகிற நேரத்தில் யார்தான் மிதிப்பார்கள் என்றாள் மனைவி.

நாளாக ஆக இன்னொன்று நடந்தது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. மனைவி நன்றாக ஓட்டினாள். முதல் இரண்டு நாள் கியர் மாற்றும்போது கடமுட என்றது. பிறகு அதுவும் இல்லை. ஸ்டியரிங்கை அவள் பிடிக்கும் விதத்தில் ஒரு அலட்டல் இல்லாத அழகு இருந்தது, விரிப்பின் மூலையைப் பிடித்து உதறுவாளே, அதுபோல. மாஸ்டர் ரோட்டைப் பார்க்க வேண்டிய நேரத்தில் அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கிற நேரத்தில் கால் கொஞ்சம் தளர்ந்துதான் இருந்தது.

ஒன்பதாம் நாள் ரவுண்டானாவை முழுசாகச் சுற்றி வந்தார்கள். பதினேழு செகண்ட். மிதி இல்லை. ஆனால் செருப்பைக் கழற்றிப் பார்த்தபோது வலது கால் கட்டைவிரல் மட்டும் கீழே குனிந்து குனிந்து நிமிர்ந்தது.

"இது போதுமா, போதாதா?" என்றார் மாஸ்டர் கவலையாக.

மனைவி ஸ்கேன் சென்டருக்கு ஃபோன் போட்டாள். "எங்க வீட்டுக்காரருக்கு நாளைக்கு ஸ்கேன். கால் இப்ப ஆடறதில்லை. கட்டைவிரல் மட்டும் லேசா அசையுது. அது பரவாயில்லையா?"

அந்தப் பக்கம் டெக்னீஷியன் பெண் பேசினாள்.

"எங்களுக்கு வேண்டியது வயிறு மேடம்."

"வயிறு அசையாது. விரல்தான்."

"அப்ப விரல் அசையட்டும் மேடம். அடக்க முயற்சி பண்ணி இடுப்பை ஆட்டிடப் போறார்."

* * *

மறுநாள் காலை அக்கா இரண்டு தடவை தண்ணீர் டம்ளரைப் பிடுங்கி வைத்தாள். மனைவி இரண்டு தடவை திருப்பிக் கொடுத்தாள். நடுவில் மாஸ்டர் கிடைத்த நேரத்தில் எல்லாம் குடித்தார். ஒன்றரை லிட்டர் உள்ளே போயிருந்தது. ஜிப் இல்லாத, நாடா வைத்த பருத்திக் கால்சட்டை ஒன்றை மனைவி அவருக்காகவே தைத்துத் தேய்த்து வைத்திருந்தாள். மடிப்பு கத்தி மாதிரி நின்றது.

ஸ்கேன் சென்டரில் படிவம் நிரப்பக் கொடுத்தார்கள். மனைவி படித்தாள், மாஸ்டர் பதில் சொன்னார்.

"ஆஸ்துமா?"

"இல்லை."

"இதுக்கு முன்னாடி இந்த மருந்து ஏத்தியிருக்கா?"

"இல்லை."

"எதுக்காவது அலர்ஜி உண்டா?"

"இல்லை."

"அடுத்தவங்க ஓட்டறது," என்றாள் மனைவி எழுதாமலேயே. டெக்னீஷியன் பெண் சிரித்துவிட்டாள்.

கழிவறைக்கு ஒரு தடவை அனுப்பினார்கள். அவர் பயத்தில் இரண்டு தடவை போனார். முழங்கை மடிப்பில் ஊசி குத்தி, குழாய் பொருத்தி, படுக்க வைத்தார்கள். உள்ளே போகுமுன் மனைவி அவர் காதருகே குனிந்தாள்.

"நான்தான் ஓட்டறேன்னு நினைச்சுக்கங்க. ரவுண்டானா. அவ்வளவுதான்."

மருந்து இல்லாமல் முதலில் ஒரு ஓட்டம். ரெக்கார்டு செய்த ஆண்குரல் ஒன்று, "மூச்சை இழுங்க, பிடிங்க," என்றது. அக்காவின் குரலுக்கு உறை போடக் காணாது என்று நினைத்தார் மாஸ்டர். படுக்கை நகர்ந்தது. ரவுண்டானா, அவள் கை, வளையல் இல்லாத மணிக்கட்டு. கட்டைவிரல் குனிந்தது. கணுக்காலும் சேர்ந்து ஒரு நூல் அளவு துடித்தது.

"கிட்டத்தட்ட சரி சார்," என்றாள் டெக்னீஷியன் பெண். அந்தக் கிட்டத்தட்ட அவருக்குப் பிடிக்கவில்லை. தன் ஸ்டூடன்ட் யாரிடமாவது அவர் கிட்டத்தட்ட என்று சொன்னால் அவர்கள் அடுத்த நாள் டெஸ்டில் கம்பத்தில் இடிப்பார்கள்.

"இப்ப மருந்து ஏத்தறேன் சார். உடம்பெல்லாம் சூடாப் பரவும். வாயில இரும்பு ருசி வரும். ஒண்ணுக்குப் போயிட்ட மாதிரியே இருக்கும். போயிருக்க மாட்டீங்க. எல்லாருக்கும் அப்படித்தான் தோணும். பயப்படாதீங்க."

"தோணுமா, போயிடுமா?"

"தோணும் சார்."

அவள் போய்விட்டாள். கதவு மூடியது. மாஸ்டர் ரவுண்டானாவை மனதுக்குள் கொண்டுவந்தார். அவள் கியரை மாற்றினாள். வளைவு வந்தது. அதற்குள் கையில் ஏதோ சில்லென்று ஏறி, அடுத்த கணமே வெந்நீராக மாறி, தோளுக்கு வந்து, தொண்டையில் ஒரு துருப்பிடித்த ஆணியை வைத்துவிட்டு, நெஞ்சு வழியாக வயிற்றுக்கு இறங்கி, வயிற்றிலிருந்து இன்னும் கீழே இறங்கியது.

போய்விட்டது, என்று நினைத்தார் மாஸ்டர்.

ஆண்குரல் சொன்னதும் மூச்சை மட்டும் பழக்கத்தில் பிடித்துக்கொண்டார். தோன்றுவது இப்படி இருக்காது. இது தோன்றுவது இல்லை. இது ஒன்றரை லிட்டர். அக்கா சொன்னது சரி. அவள் ஆயுசுக்கும் இதைச் சொல்லிக்காட்டப் போகிறாள். கோடிக்கணக்கில் விலை போகிற மிஷின், அதன் உள்ளே கம்பிகள் இருக்கும், கரண்ட் இருக்கும். நாடா வைத்த கால்சட்டை வேறு வெளிர் நிறம். வெளியே போகும்போது ஃபைலை முன்னால் பிடித்துக்கொள்ளலாமா? பின்னால் யார் பிடிப்பது? மனைவி சலவையில் இருக்கிறாள் என்பது இந்தச் சமயத்தில் ஒரு பெரிய ஆறுதல், அவளுக்கு எல்லாக் கறைக்கும் வழி தெரியும். ஆனால் இந்தப் பெண் என்ன நினைப்பாள், இருபத்தாறு வருஷம் இந்த ஊருக்கே ஓட்டக் கற்றுக்கொடுத்தவன்...

"முடிஞ்சுது சார். மூச்சு விடலாம், அந்தக் குரல் விடச் சொல்லி ரொம்ப நேரம் ஆச்சு."

மாஸ்டர் மூச்சை விட்டார்.

"என்ன முடிஞ்சுது?"

"ஸ்கேன்தான். உள்ள போய் வெளிய வந்துட்டீங்க."

"எப்ப போனேன்?"

"இப்பத்தான். கல்லு மாதிரி இருந்தீங்க சார். கட்டைவிரல்கூட அசையலை."

அவர் முதலில் செய்த காரியம், ஊசி குத்தாத கையால் மெத்தையைத் தடவிப் பார்த்தது. காய்ந்திருந்தது. மடிப்புக்கூடக் கலையவில்லை.

* * *

அரை மணி நேரம் உட்கார வைத்தார்கள். படம் பார்க்கும் டாக்டர் தானே வெளியே வந்தார். படம் தெளிவாக வந்திருக்கிறது, வலது கிட்னிக்குப் போகும் குழாய் ஒரு இடத்தில் இடுங்கியிருக்கிறது, குழாய் வழியாகவே உள்ளே போய் அகலப்படுத்திவிடலாம், எங்கே என்று துல்லியமாகத் தெரிந்துவிட்டது, மற்றதை உங்கள் டாக்டர் சொல்வார் என்றார். நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்றும் சொன்னார். அக்கா தானே பாட்டிலைத் திறந்து நீட்டினாள்.

மனைவி மாஸ்டர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் கண் கொஞ்சம் பளபளப்பாக இருந்தது.

"ஆடவே இல்லையாமே. நான் ஓட்டறதை நினைச்சுக்கிட்டீங்களா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இருபத்திரண்டு வருஷத்துக்கு அது ஒரு நல்ல பதில். மாஸ்டர் வாயைத் திறந்தார். ஆனால் பத்து நாள் காலை ஆறரைக்கே கிளம்பி அவருக்காக ஓட்டியவளிடம் பொய் சொல்ல அவருக்கு வரவில்லை.

"முதல் ஓட்டத்துக்கு உன்னைத்தான் நினைச்சேன். ரெண்டாவது ஓட்டத்துல..." குரலைத் தாழ்த்தினார். "போயிடுச்சுன்னு நினைச்சேன்."

"என்ன போயிடுச்சு?"

அவர் கால்சட்டையைக் கண்ணால் காட்டினார்.

அவள் கால்சட்டையைப் பார்த்தாள். பிறகு ஃபைலை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று அவர் பயந்து கையைத் தொட்டார். ஃபைலுக்குப் பின்னாலிருந்து விக்கல் மாதிரி ஒரு சத்தம் வந்தது, அப்புறம் அடக்க முடியாத சிரிப்பு வந்தது. வரிசையில் காத்திருந்த நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"பத்து நாள் ஊரையே சுத்தினேன்," என்றாள் மூச்சு வாங்க. "எழுபது துவாலை மடிச்சேன்."

"உனக்குக் கோபம் இல்லையே?"

"அன்னைக்கு எதுக்கு மிதிச்சீங்கன்னு மட்டும் சொல்லுங்க. இருபத்திரண்டு வருஷமா யோசிக்கறேன்."

மாஸ்டர் நிஜமாகவே யோசித்தார். இன்றைக்கு உண்மை சொல்கிற நாளாகிவிட்டது.

"நீ நல்லா ஓட்டினே. மிதிக்க ஒண்ணுமே இல்லை. கால் பழக்கத்துல தேடிச்சு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சாவியை எடுத்தாள்.

"கிட்னி சரியாகி நீங்க மறுபடி ஓட்ட ஆரம்பிச்சாலும் ஞாயித்துக்கிழமை வண்டி எனக்கு. பெடல் கழட்டினபடியே இருக்கும்."

"வார நாளுக்கு மாட்டிக்கலாம்ல?"

"பார்க்கலாம்."

திரும்பும் வழியில் மாஸ்டர் சொன்னபடி தண்ணீர் குடித்தார். ஒரு பாட்டில் முடிந்து அக்கா அடுத்ததை நீட்டினாள். நூலகத்துக்குக் கொஞ்சம் முன்னால் அவர் இருக்கையில் நெளிந்தார்.

"இந்தத் தடவை தோணலை," என்றார். "நிஜம்."

நூலக வாசலில் பொதுக் கழிவறை இருந்தது. எதிரே ரொட்டிக்கடை வேனுக்கும் ஒரு மோட்டார் சைக்கிளுக்கும் நடுவே ஒரு வண்டி மட்டும் நிற்கிற அளவுக்கு இடம். மனைவி பின்னால் எடுத்தாள், முன்னால் எடுத்தாள், மறுபடி பின்னால் எடுத்தாள். பின் சக்கரம் நடைபாதை மேல் ஏறியது. முன்பக்கம் ரோட்டில் ஒரு முழம் நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு ஸ்டூடன்ட் இப்படி நிறுத்தியிருந்தால் மாஸ்டர் ஆறு தடவை எடுத்துப் போட வைத்திருப்பார்.

"வண்டி நேரா நிக்குதாங்க?" என்றாள் அவள், கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு.

"இதுக்கு மேல நேரா நிறுத்த இந்த ஊர்ல ஆளே கிடையாது," என்று சொல்லிக்கொண்டே மாஸ்டர் கதவைத் திறந்து ஓடினார்.